வெல்டிங் ஹெல்மெட் வாங்க டிவி ரிமோட்டோடு போனேன்

நான் தப்பு செய்துவிட்டேன் என்று என் வாயால் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால் அது உப்புப் பாக்கெட்டின் குற்றம். பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ்தான் முன்னாடியே போய்விட்டது. என் வீட்டுக்காரர் இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதற்காக மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் வீடு எங்களுடையது. அவர் நெய்கிறார், நான் பாவு பிணைக்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு தீரப் போகும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழை முனையோடும் புதுப் பாவின் ஒரு இழை முனையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிவிட வேண்டும். நாலாயிரத்துக்கும் மேல் இழைகள். ஒன்று மாறினாலும் புடவை முழுக்கக் கோடு ஓடும். எங்கள் தறிக்கு மட்டுமில்லை, தெருவில் பல தறிகளுக்கு நான்தான் போகிறேன். கண்ணாடி போடாமல் பார்க்கிறேன், வேகமாகவும் பார்க்கிறேன். என் அளவுக்கு இந்தத் தெருவில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

மாடிப்படிக்குக் கைப்பிடி வேண்டும் என்பதில் இது ஆரம்பித்தது. வருடக்கணக்காகத் தறி மிதித்ததில் அவருக்கு வலது முட்டி போய்விட்டது. மாடிக்கு ஏறும்போது சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவார், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று இறங்குவார். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெறும் வெளி. கிரில் பட்டறைக்காரர் வந்து அளவு எடுத்துக்கொண்டு போனார். பிறகு போன் செய்தால் “நாளைக்கு வந்துடறேன்” என்பார். மூன்று மாதமாகியும் அந்த “நாளைக்கு” வரவே இல்லை. ஒரு நாள் என் வீட்டுக்காரர் மழை ஈரத்தில் மூன்றாவது படியில் சறுக்கி, சுவரில் தோளை இடித்து நின்றார். அன்றைக்கே முடிவு செய்தேன். நானே பற்றவைக்கிறேன்.

இது பைத்தியக்கார முடிவு இல்லை. பெரணமல்லூரில் என் தம்பி கேட், ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே போகும்போதெல்லாம் நான் சும்மா உட்கார மாட்டேன். வெல்டிங் ராடு பிடிக்கக் கற்றுக்கொண்டேன், கோணல்மாணலாக நாலு பெஞ்சுக்குக் கால் வைத்தேன். ஐந்தாவது பெஞ்சு நேராகவே வந்தது. வீட்டுக் கரண்டில் ஓடும் சின்ன வெல்டிங் மெஷின் ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது. அதை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். மீதி இருந்தது கண்ணுக்கு ஒரு மறைப்பு.

தம்பி கையில் பிடிக்கும் பலகைதான் வைத்திருக்கிறான். நடுவில் கறுப்புக் கண்ணாடி பதித்த பலகை. அதை முகத்துக்கு முன்னால் பிடித்தால் நெருப்பு வரும்வரை ஒன்றுமே தெரியாது. ராடு எங்கே இருக்கிறது, பைப் எங்கே இருக்கிறது என்று இருட்டில் துழாவ வேண்டும். அதனால் பட்டறை ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால், வெறும் கண்ணால் பார்த்து ராடை வைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டிவிட்டு, அப்புறம் பலகையைத் தூக்குகிறார்கள். சாயங்காலம் ஆனால் கண்ணில் மண்ணை வாரிப் போட்ட மாதிரி எரிச்சல். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுப்பான் என் தம்பி. அதை வேறு வீரம் போலச் சொல்வான்.

“உனுக்குக் கண்ணு போனாலும் கேட்டு செய்யலாம்டா. எனுக்குக் கண்ணு போச்சுன்னா இன்னா இருக்கு?” என்று கேட்டேன்.

“அப்டின்னா தானா கறுக்கற ஹெல்மெட் வாங்கிக்கோக்கா. தலைல மாட்டிகினா ரெண்டு கையும் ஃப்ரீ. நெருப்பு வர்ற வரைக்கும் எல்லாம் தெரியும், வந்ததும் கண்ணாடி ஜல்தியா கறுத்துடும்” என்றான். அப்புறம் ரகசியம் போல ஒன்று சொன்னான். “கடையில டிவி ரிமோட்ட அதுக்கு முன்னாடி வெச்சு அமுக்கிப் பாரு. நல்ல பீசுன்னா கண்ணாடி கறுத்துக் கறுத்து விடும்.”

இப்படித்தான் நான் கைப்பையில் டிவி ரிமோட்டும், நாலைந்து நூல் துண்டுகளுமாக பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மெஷின் கடைக்குப் போனேன். வீட்டில் அவர் ரிமோட்டைத் தேடி மெத்தையைப் புரட்டிப் போட்டது தனிக் கதை.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். என் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

“யாருக்கும்மா?”

“எனுக்குதான்.”

அதற்கப்புறம் அவரை நான் கொஞ்சம் பேஜார்தான் படுத்தினேன். முதலில் எடுத்து வைத்தது மண்டை ஓடும் தீ ஜுவாலையும் போட்ட ஹெல்மெட். இதை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தால் தெருவில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகாது என்றேன். அடுத்து மூன்றை வரிசையாக வைத்தார். மூன்றுக்கும் முன்னால் ரிமோட்டை நீட்டி அமுக்கினேன். ஒன்று கறுத்தது, ஆனால் ஒரு மூலையில் வெளிறிப் போய், சாயம் சரியாக ஏறாத நூல் மாதிரி திட்டாக இருந்தது. அதை அப்படியே தள்ளி வைத்தேன். மற்ற இரண்டும் ஒரே சீராகக் கறுத்தன. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “ரிமோட்ட எடுத்துகினு வந்த முத ஆளு நீங்கதாம்மா” என்றார். அவர் வழக்கமாக அடுப்பு லைட்டரைத் தட்டித்தான் காட்டுவாராம்.

பிறகு நூல் துண்டுகளை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து. ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடி கறுக்காத நிலையில் அவற்றைப் பார்த்தேன். ஒன்றில் எல்லாமே பாசி படிந்த குளத்துக்குள் கிடந்தன. அரக்கு கறுப்பாகத் தெரிந்தது, மஞ்சள் வாழையிலை நிறத்துக்குப் போய்விட்டது. இன்னொன்றில் நிறம் கொஞ்சம் மங்கினாலும் அரக்கு அரக்காகவே இருந்தது. பைப் பற்றவைக்க நிறம் எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். பழுத்த இரும்பு எது, ஆறிய கசடு எது என்று நிறத்தில்தான் தெரியும் என்றேன். அவர் அந்த ஹெல்மெட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நெற்றிப் பக்கத்தில், கண்ணாடிக்கு மேலே, இரண்டு சின்ன வட்டங்கள் இருந்தன. வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே சொல்லும் சென்சார்கள் அவைதான். நாலு சென்சார் இருப்பதும் உண்டாம். குறுகிய சந்தில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு, ஒன்று மறைந்தாலும் மற்றது பார்க்கும். மாடிப்படியில் யார் மறைக்கப் போகிறார்கள்? இரண்டே போதும் என்று நான்தான் சொன்னேன். கறுப்பின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. கிரைண்டிங், அதாவது இரும்பைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது கறுக்காமல் இருக்க ஒரு நிலை. அந்த நிலையில் வைத்துவிட்டு மறந்துபோய் வெல்டிங் செய்யக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பேட்டரி மாற்றக்கூடியதா என்று பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்தில் தர முத்திரை அச்சாகியிருக்கிறதா என்று ஜன்னலோரம் கொண்டுபோய்ப் படித்தேன்.

“கறுக்கலன்னா கூட கண்ணக் கெடுக்கற கதிர இந்தக் கண்ணாடி உள்ள விடாதும்மா. வெளிச்சம் கூசும், அவ்ளோதான். முத்திரை இல்லாத சரக்குல அந்த கேரண்டி கெடையாது” என்றார். அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டது போல மனதில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு மாட்டிப் பார்த்ததில்தான் சிக்கல். ஹெல்மெட் செய்கிறவன் கொண்டை போட்ட தலையை நினைத்துச் செய்யவில்லை. பின்பட்டை கொண்டையில் ஏறி, மொத்தமும் மூக்குக்கு இறங்கியது. கடையிலேயே கொண்டையை அவிழ்த்துப் பின்னிப் போட்டுக்கொண்டு, பட்டையை நாலு பல் இறுக்கினேன். சரியாக உட்கார்ந்தது. தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் முகத்துக்கு இறங்கியது. ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். கடைக்கு வந்த இரண்டு பேர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து அவருக்கும் மாட்டிக் காட்டி, ரிமோட்டை அமுக்கிக் காட்டினேன். கண்ணாடி கறுத்தது. அவர் சிரிக்கவில்லை.

“இது ஒழுங்கா வேல செய்யுமா?”

“பாத்துப் பாத்து வாங்கிகினு வந்துகிறேன். செய்யாம இன்னா?”

“இல்ல, உன் கண்ணாச்சே” என்றார். அதோடு தறிக்குப் போய்விட்டார். அவர் பயந்த சுபாவம், நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எட்டு மணிக்கே பைப்பை அளந்து அறுத்து, படியோரம் ஏற்கெனவே பதித்திருந்த இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தினேன். எர்த் கிளிப்பை மாட்டினேன். செருப்பு இல்லாமல் ஷூ, முழுக்கைச் சட்டை, கையுறை, எல்லாம் முறையாக. தலையை ஆட்டி ஹெல்மெட்டை இறக்கி, ராடைத் தட்டினேன்.

வெள்ளை. வேறொன்றும் இல்லை. ராடை உதறிவிட்டு நின்றேன். ஒரு நொடி கூட இருக்காது. ராடு சரியாகப் பற்றவில்லை, அதனால் கறுக்க நேரமாகியிருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து மறுபடி தட்டினேன். மறுபடி வெள்ளை. தம்பிக்குப் போன் போட்டேன்.

“கிரைண்டிங்ல வெச்சுகிறியாக்கா?”

“எனுக்குத் தெரியாதா? வெல்டிங்லதான் கீது.”

“அப்போ செய்யாத. வெச்சுடு.”

அவன் சொன்னால் நான் கேட்பேனா? திருகை ஏற்றிவிட்டு மூன்றாவது முறையும் தட்டினேன். அந்த வெள்ளை போன பிறகு, பார்க்கும் இடத்தின் நடுவில் ஊதாவும் பச்சையுமாக ஒரு திட்டு நின்றது. கண்ணை மூடினாலும் இருந்தது, திறந்தாலும் இருந்தது. ரிமோட்டை எடுத்துவந்து ஹெல்மெட்டுக்கு முன்னால் தடவித் தடவி அமுக்கினேன். கண்ணாடி அசையவே இல்லை. ஒரே நாளில் செத்துப்போன சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினேன். அதை மூலையில் வீசிவிட்டு முகம் கழுவினேன்.

அன்றைக்கு எங்கள் தறிக்குப் புதுப் பாவு வந்திருந்தது. கல்யாணப் புடவை. திங்கட்கிழமை அவர் மிதிக்க ஆரம்பித்தால்தான் முகூர்த்தத்துக்கு முடியும். பத்து மணிக்குத் தறியில் பாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். விரலில் சாம்பல் தொட்டு, முதல் இழையை எடுக்கக் குனிந்தேன். இழை இல்லை. பார்க்கும் இடத்தில் திட்டுதான் இருந்தது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் ஓரத்தில் இழைகள் தெரிந்தன, நேராகப் பார்த்தால் மறைந்தன. இரண்டு இழையை ஒன்றாகப் பிடித்து முறுக்கிவிட்டு, தடவிப் பார்த்துப் பிரித்தேன். அப்படிப்பட்ட தப்பை நான் செய்ததே இல்லை.

எனக்குப் பயம் வந்தது. இனிமேல் இப்படித்தான் என்றால் நான் யார்? தெருவில் யார் வீட்டுக்குப் போவேன்? காலையில் மூன்றாவது தடவை தட்டிய அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அவர் பக்கத்தில் வந்து நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கண் டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, விளக்கு வைத்து நிதானமாகப் பார்த்தார். எந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன் என்று கேட்டார். தர முத்திரை போட்டது, கறுக்கவில்லை என்றேன்.

“கறுக்காட்டியும் அது கெட்ட கதிர தடுத்திருக்கு. உள்ள காயம் எதுவும் இல்லங்க. வெறும் வெளிச்சம்தான் அடிச்சிருக்கு. இன்னிக்கு ரெஸ்ட் எடுங்க, நாளைக்குத் தெளிஞ்சிடும். அந்தத் திட்டு போகலன்னா உடனே வாங்க.” எழுதிக்கொண்டே கேட்டார். “வெறும் கண்ணால பார்த்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். சரியானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பக்கம் நிமிர்ந்தது. இன்னொரு பக்கம், அந்தக் கடைக்காரரை விடக் கூடாது என்று கொதித்தது.

சனிக்கிழமை காலை எழுந்ததும் முதலில் போய்ப் பாவின் மேல் குனிந்தேன். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருந்தது. நூறு இழையை நிற்காமல் முறுக்கினேன். பிறகுதான் பல் தேய்த்தேன். அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியுதா?” என்றார். “தெரியுது” என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கடைக்குக் கிளம்பினோம். நான் ஸ்கூட்டி ஓட்ட, அவர் பின்னால் ஹெல்மெட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று நான் தயார் செய்துகொண்டே போனேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு அது வசதியாகவே பட்டது.

“இன்னாணா, நம்பி வாங்கிகினு போனா கண்ணு போற மாதிரி சரக்கு குடுத்துகிறீங்க? மூணு தடவ தட்டினேன், ஒரு தடவ கூட கறுக்கல. பாவு பிணைக்கறவ நானு. என் கண்ணு போயிருந்தா நீங்க தருவீங்களா?”

கடைக்காரர் பையை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேஜையில் கிடந்த துடைக்கும் துணியை எடுத்து, கண்ணாடிக்கு மேலே இரண்டு இடத்தில் அழுத்தித் துடைத்தார். துணியில் மஞ்சளாகச் சந்தனமும் நடுவில் சிவப்பாகக் குங்குமமும் ஒட்டிக்கொண்டு வந்தன. லைட்டரை எடுத்துத் தட்டினார். கண்ணாடி கறுத்தது. இன்னொரு தடவை தட்டினார். கறுத்தது.

கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. தறிக்கு, ராட்டைக்கு, கரண்ட் மீட்டருக்கு, கிரைண்டருக்கு, ஸ்கூட்டிக்கு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குளித்துவிட்டுத் தறிக்கு வைக்கும்போது எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வருவது என் வீட்டுக்காரர் வேலை. புதிதாக எது வந்தாலும் முதல் பொட்டு அவர் கையால்தான். அன்றைக்குக் காலையில் அந்த இரண்டு பொட்டையும் நான் பார்த்திருக்கத்தான் வேண்டும். நாலாயிரம் இழையில் ஒன்று மாறினால் கண்டுபிடிக்கிறவள், பார்த்துப் பழகிய பொட்டைப் பார்க்காமலே தலையில் மாட்டியிருக்கிறேன்.

“யாரும்மா இதுக்குப் பொட்டு வெச்சது? சென்சார மூடிட்டா அது எப்டிம்மா வெளிச்சத்தப் பாக்கும்?” என்று கடைக்காரர் கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மோதிர விரலை வேட்டியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விரலில் ஒன்றும் இல்லை. அவர் முகம் இருந்த இருப்பை என்னால் இன்னொரு தடவை பார்க்க முடியாது.

“நான்தான் வெச்சேன். தப்பு என்னுதுதான்” என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடைக்காரரிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, துணியால் இன்னொரு தடவை துடைத்து, பையில் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போதும் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். கோட்டை மைதானம் தாண்டியதும் என் காதுப் பக்கம் குனிந்தார்.

“ரெண்டு கண்ணு மாதிரி இருந்துதும்மே. உன் கண்ணப் பாத்துக்கோன்னு சொல்லி அதும் மேல வெச்சேன்.”

“தெரியும். ரோட்டப் பாக்கணும், பேசாம வாங்க” என்றேன். கண் கலங்கியதால் ஓரங்கட்டித்தான் நிறுத்த வேண்டியதாயிற்று.

பாவை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பிணைத்து முடித்தேன். கைப்பிடி அடுத்த வாரம் முடிந்தது. கீழே இரண்டு இடத்தில் பற்றவைத்தது கொஞ்சம் கட்டிக்கட்டியாக இருக்கிறது. அது கரண்ட் ஏறி இறங்கியதால் வந்தது, என் கையால் இல்லை. இப்போது அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போய்த் துணி காயவைத்துவிட்டு வருகிறார்.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கேட், எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று வேலைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஹெல்மெட்டுக்குப் பொட்டு வைப்பதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை, இப்போது தாடைப் பக்கம் வைக்கிறார். வைத்த பிறகு டிவி ரிமோட்டை எடுத்துவந்து, சென்சாருக்கு முன்னால் நீட்டி, மூன்று தடவை அமுக்கிப் பார்க்கிறார். மூன்று தடவையும் கண்ணாடி கறுத்த பிறகுதான் என் கையில் கொடுக்கிறார்.